மழைக்கு முன்னரே மாற்றிடம்

திம்புள்ளப் பகுதியின் தேயிலையை வளர்ப்பது பருவமழை. செங்குத்தான சரிவுகளில் மண்ணைப் பெயர்த்து விடுவதும் அதே மழைதான். கான்கள் தூர்ந்திருப்பின் நீர் வழிந்தோடாது மண்ணுட் புகுந்து, அதன் பாரத்தைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்துகின்றது. அவ்வேளை சரிவின் அடியிலுள்ள லயன்களே முதலில் இடருறுகின்றன.

மீரியபெத்தை தரும் பாடம்

2014 அக்டோபர் 29 ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனால் குடும்பங்கள் குடிபெயர்வதற்கு நிலம் இருக்கவில்லை. லயன் அறை தொழிலாளியின் உடைமையன்று; நாட்கூலியைக் கொண்டு வேறு காணி வாங்குதலும் அரிது. பாதிக்கப்பட்டோருக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 இலேயே. அவை முன்னரே அமைந்திருப்பின் பல உயிர்கள் காக்கப்பட்டிருக்கும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளும் இதனையே உணர்த்தின.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்புகள், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகளாகும். 24 மணி நேரத்தில் 75 மி.மீ. (ஏறத்தாழ 3 அங்குலம்) மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும், 100 மி.மீ. ஆயின் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும், 150 மி.மீ. ஆயின் உடனே வெளியேறுதல் வேண்டும். அறிகுறி தோன்றின் மழையளவை எதிர்பார்த்திராது வெளியேறுக. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியவை

மழைக்காலத்துக்கு முன்னர் தோட்ட நிருவாகமும் கிராம உத்தியோகத்தரும் லயன் மக்களும் ஒன்றுகூடிப் பின்வருவனவற்றை முடிவு செய்தல் நன்று:

1. தங்குவதற்குரிய பாதுகாப்பான பாடசாலை அல்லது மண்டபமும், இரவில் அங்கு செல்லும் வழியும்.

2. முதியோர், கருப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அழைத்துச் செல்வோர் யாவர் என்பது.

3. லயனில் வாழும் அனைவரினதும் பெயர்ப்பட்டியல். தோட்டத்தில் இப்பொழுது வேலை செய்யாத குடும்பங்களும் இதில் இடம்பெறல் வேண்டும். பட்டியலில் விடுபட்டோர் நிவாரணத்திலும் விடுபடுவர்.

4. வெளியேறும் நாட்களுக்குரிய சம்பளம். கூலி போய்விடுமென்ற அச்சமிருப்பின் எவரும் எளிதில் வெளியேறார்.

5. கான்களைத் துப்புரவாக்கும் பொறுப்பு.

இவை உடனடித் தேவைகள். ஆபத்தான லயன்களுக்கு நிலையான பரிகாரம், பாதுகாப்பான காணியும் அதற்குரிய உறுதியுமேயாம். அக்காணியை மழைக்கு முன்னர் வழங்குதலே உண்மையான உதவியாகும்.