நுரையும் மென்மையும்



குளிக்கும் நீரில் இட்டவுடன் சீறிக் கரையும் உருண்டைகளைக் கடைகளிலே பலர் கண்டிருப்பீர்கள். 'பாத் பொம்' என்று அவற்றை விற்கிறார்கள். நாம் குளியல் உருண்டை என்போம். இங்கிலாந்திலே மோ கொன்ஸ்ரன்ரைன் என்னும் அம்மையார் 1989ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். நீரில் இட்டுப் பருகும் சீறும் மாத்திரையே அவருக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது. இன்று இது வீட்டிலேயே செய்யத்தக்க சிறு கைத்தொழிலாகிவிட்டது. கற்பிட்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளை எண்ணி இதனைச் செய்து பார்க்க விரும்புவோர்க்கும், தம் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகச் செய்வோர்க்கும் ஒரு கேள்வி எழும். தோலை வருத்தாமல் நுரை தரும் பொருள் எது?

முதலில் சீறலையும் நுரையையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். உருண்டையின் உடல் அப்பச்சோடாவும் சித்திரிக் அமிலமும் ஆகும். உலர்ந்திருக்கும் வரை இரண்டும் அமைதியாய் இருக்கும். நீர் பட்டதும் ஒன்றோடொன்று தாக்கிக் கரியமிலவாயுவை வெளிவிடும். அதுவே சீறல். ஆனால் அக்குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும். அவை நிலைத்து நுரையாக வேண்டுமாயின், ஒவ்வொரு குமிழியையும் மெல்லிய தோல்போலச் சூழ்ந்து நிற்கும் பொருளொன்று வேண்டும். ஒரு முனையால் நீரையும் மறு முனையால் எண்ணெயையும் பற்றும் மூலக்கூறுகளே இத்தொழிலைச் செய்வன. சவர்க்காரமும் அவ்வகையினதே.

அப்படியாயின் சவர்க்காரத்தைச் சீவிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். புத்தளக் கரையிலே இதற்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது நீர். இம்மாவட்டத்தின் வடபகுதி சுண்ணாம்புக்கற் பூமி. அருவக்காலுவில் அகழ்ந்த கல்லைக்கொண்டே புத்தளத்துச் சீமெந்து ஆக்கப்படுகிறது. சுண்ணாம்பு கரைந்த கிணற்று நீர் வன்னீராகும். வன்னீரிலே சவர்க்காரம் நுரைப்பதற்கு முன் சுண்ணாம்போடு சேர்ந்து வெண்படிவாகிப் பாத்திரத்திலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தடை உருண்டையிலுள்ள அமிலமே. அது சவர்க்காரத்தைத் தாக்கி மீண்டும் கொழுப்பமிலமாக மாற்றிவிடும். நுரை மங்கும், நெய்ப்பசை எஞ்சும்.

நம் முன்னோர் கையாண்ட பொருள்கள் உதவுமா எனப் பார்ப்போம். பூந்திக்கொட்டை, சீயாக்காய், இலுப்பைப் பிண்ணாக்கின் அரப்பு ஆகியவற்றில் சப்போனின் என்னும் நுரைப்பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு நீருக்கு அது சவர்க்காரம் போல எளிதில் தோற்பதில்லை. தலை முழுகுவதற்கு இவை நல்லவை. ஆயினும் உருண்டையிலே சேர்ப்பதற்குத் தயங்க வேண்டும். இவற்றின் தூள் முற்றாகக் கரையாமல் நீரில் மிதக்கும். குளிக்கும் நீரில் முகம் தாழ்த்தி விளையாடும் குழந்தையின் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். மேலும் சப்போனின் மீன்களுக்கு நஞ்சாகும். களப்பை நம்பி வாழும் ஊரிலே, மிகுதி நீரைக் களப்போரத்திற் கொட்டுதல் தகாது.

எஞ்சியிருப்பவை கடையில் தூளாகக் கிடைக்கும் நுரைப்பொருள்கள். அவற்றுள் பெயர்பெற்றது சோடியம் லோரில் சல்பேற்று. அது மலிவானது, மிகுதியாக நுரைப்பது. ஆனால் தோலின் இயற்கை நெய்யையும் கரைத்துச் செல்லும். தோல் எவ்வளவு எரிச்சலைத் தாங்கும் எனச் சோதிக்க விரும்பும் தோல் மருத்துவ ஆய்வாளர், எரிச்சல் உண்டாக்குவதற்கென்றே இதனைப் பயன்படுத்துவர் என்றால் வேறு சான்று வேண்டியதில்லை. ஊறிக் குளிப்பதற்கான உருண்டையில் இதனை விலக்குதலே நன்று.

இதனோடு பெயரளவில் குழம்பத்தக்க இன்னொன்று சோடியம் லோரில் சல்போ அசற்றேற்று. பெயர் ஒத்தாலும் குணம் வேறு. இது மேற்கூறியதிலும் மென்மையானது. வன்னீரிலும் நுரைக்கும். குளியல் உருண்டை செய்வோர் பெரும்பாலும் நாடுவதும் இதனையே. மூன்றாவது சோடியம் கொக்கோயில் ஐசெதியனேற்று. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து ஆக்கப்படும் இது, பாலாடை போன்ற நுண்ணிய நுரை தரும். அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த டவ் கட்டியின் மென்மைக்குக் காரணமாயிருந்ததும் இதுவே. வறண்ட தோலினர்க்கும் சிறுவர்க்கும் இதனைத் தெரிந்தெடுக்கலாம். லுணுவிலவிலே 1929ஆம் ஆண்டிலிருந்து தென்னை ஆராய்ச்சி நடைபெறும் இம்மாவட்டத்தில், தேங்காயின் பயன் இவ்வளவு தூரம் செல்கிறது என்பது மகிழ்வுக்குரியது.

இனிச் செய்முறை. எடையில் 2 பங்கு அப்பச்சோடாவுக்கு 1 பங்கு சித்திரிக் அமிலம் கொள்க. முழுத் தூளின் எடையில் 20இல் ஒரு பங்களவு நுரைப்பொருள் தொடக்கத்திற்குப் போதும். இத்தூள்கள் மிக நுண்ணியவை. மூச்சில் ஏறினால் இருமலும் தும்மலும் வரும். ஆகவே மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கலக்குக. பிசைவதற்கு நீர் ஊற்றினால் கையிலேயே சீறிவிடும். சில துளி தேங்காயெண்ணெய் விட்டுப் பிடிக்கலாம். ஆனால் எண்ணெய் நுரையை அடக்கும் இயல்பினது. எனவே உருண்டை உதிராமல் நிற்கும் அளவே சேர்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் உருண்டையை மெல்லக் கெடுக்கும். செய்தவுடன் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைக்க வேண்டும்.

பாலாவியின் உப்பளங்கள் அருகிருப்பதால் உப்பையும் கலக்கலாமே என்று தோன்றும். சிறிதளவு கேடில்லை. கைநிறையப் போட்டால் நுரை குறைவதோடு, வெடித்த தோலில் எரிச்சலும் உண்டாகும்.

முதன்முதல் பயன்படுத்துவோர் கரைத்த நீரை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பொறுத்துப் பார்த்தல் நலம். சிவப்போ அரிப்போ கண்டால் அதனைக் கைவிடுக. புண்ணுள்ளவர்களும் கைக்குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். விற்பனைக்குச் செய்வோர் சேர்ந்த பொருள்கள் யாவற்றையும் பொதியின்மேல் எழுதுதல் கடமை. வாங்குபவரின் தோலுக்கு எது ஆகாது என்பதை அவரே அறிவார்.

நம் வீடுகளிற் பெரும்பாலும் குளியல் தொட்டி இல்லை. அகன்ற பேசினிலே பாதங்களை ஊறவைக்க அரை உருண்டை போதும். அந்நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் நன்னீர், மணலுக்குள்ளே கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய படையாகும். மணல் எதையும் தடுத்து வைப்பதில்லை. நாம் மேலே ஊற்றுவது கீழே இறங்கி, நாளை அதே கிணற்று வாளியில் ஏறிவரும். தோலுக்கு மென்மையான பொருளைத் தேடுவோர், தம் கிணற்றுக்கும் அதே பரிவைக் காட்டுவாராக.