இசுரேல்–பாலத்தீன அமைதி முயற்சிகளில் சமயம்

இசுரேலியருக்கும் பாலத்தீனருக்கும் இடையிலான பிணக்கு அடிப்படையில் நிலம், இறைமை, அகதிகள், பாதுகாப்பு ஆகியவை பற்றிய அரசியல் பிணக்கு ஆகும். எனினும், பிணக்குக்கு உள்ளான நிலம் யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகிய மூன்று சமயங்களுக்கும் புனிதமானது. ஆகையால் சமய நம்பிக்கைகள் போரிலும் அமைதி முயற்சிகளிலும் தொடர்ந்து பங்கு வகித்து வந்துள்ளன. சமயம் அமைதிக்குத் தடையாக மட்டுமே இருந்துள்ளது என்ற கருத்து பரவலாக உண்டு. அது முழு உண்மை அன்று. விட்டுக்கொடுப்பை மறுக்கும் வாதங்களும் அதனை அனுமதிக்கும் வாதங்களும் ஒரே சமய மரபுகளில் இருந்தே எடுக்கப்பட்டுள்ளன.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சியோனிச இயக்கத்தின் முன்னோடிகளுள் பலர், தியோடோர் ஏர்ட்சல் உட்பட, சமயப் பற்று மிகுந்தவர்கள் அல்லர். 1964இல் நிறுவப்பட்ட பாலத்தீன விடுதலை இயக்கமும் ஒரு தேசியவாத இயக்கமே. அதில் முசுலிம்களும் கிறித்தவர்களும் பங்கு கொண்டனர்.

1967 ஜூன் மாதத்தில் நடந்த ஆறு நாள் போர் இந்நிலையை மாற்றியது. கிழக்கு எருசலேம், எபிரோன் உட்பட மேற்குக் கரை முழுவதும் இசுரேலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. யூத வேதத்தில் பேசப்படும் ஊர்கள் பல இப்பகுதியிலேயே உள்ளன. இவ்வெற்றியை இறைவனின் செயலாகக் கண்ட யூதர்கள் 1974இல் 'குஷ் எமுனிம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி, கைப்பற்றப்பட்ட நிலத்தில் குடியேற்றங்களை அமைத்தனர். பாலத்தீனர் தரப்பில் 1987இல் ஹமாஸ் இயக்கம் தோன்றியது. அதன் 1988ஆம் ஆண்டு சாசனம், பாலத்தீன நிலம் முழுவதையும் 'வக்ஃபு' என அறிவித்தது. வக்ஃபு என்பது இறைவனின் பெயரால் ஒப்படைக்கப்பட்ட, விற்கவோ கைமாற்றவோ இயலாத அறக்கொடைச் சொத்து ஆகும். இவ்வாறு இரு தரப்பிலும் நிலத்தைப் பேரம் பேசக்கூடாத பொருளாகக் கருதுவோர் வலுப்பெற்றனர்.

புனித இடங்களும் 'நடப்பு நிலை' ஏற்பாடும்

புனித இடங்களில் யார் எதைச் செய்யலாம் என்பதை வழக்கத்தின்படியே விட்டுவிடும் முறை 'நடப்பு நிலை' எனப்படுகின்றது. இது ஓட்டோமான் ஆட்சிக் காலத்தில் உருவானது. எருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும். இங்கு ஆறு கிறித்தவப் பிரிவுகளுக்கு உரிமைகள் உள்ளன. அவற்றிடையே இருந்த தகராறுகளை அடக்க, 1852இல் ஓட்டோமான் சுல்தான் அன்றிருந்த நிலையே தொடர வேண்டும் என ஆணையிட்டார். 1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கை இதனை உறுதி செய்தது. தேவாலயத்தின் கதவைத் திறந்து மூடும் பொறுப்பு பல நூற்றாண்டுகளாக இரண்டு முசுலிம் குடும்பங்களிடம் உள்ளது. இவ்வேற்பாடு பகையை நீக்கிவிடவில்லை. 2008 நவம்பரில் கிரேக்கத் துறவிகளும் ஆர்மீனியத் துறவிகளும் தேவாலயத்துக்குள் கைகலந்தனர். ஆயினும் ஏற்பாடு குலையவில்லை.

எருசலேமின் பழைய நகரில் உள்ள மேடை ஒன்றை யூதர்கள் 'கோயில் மலை' என்றும் முசுலிம்கள் 'ஹரம் அல்-ஷரீஃப்' என்றும் அழைக்கின்றனர். பண்டைய இரண்டு யூதக் கோயில்களும் இங்கே இருந்தன. இரண்டாம் கோயில் கி.பி. 70இல் உரோமர்களால் அழிக்கப்பட்டது. அல்-அக்சா பள்ளிவாசலும் பாறைக் குவிமாடமும் இம்மேடை மீது உள்ளன. முகம்மது நபி விண்ணேற்றம் அடைந்தது இங்கிருந்தே என்பது முசுலிம்களின் நம்பிக்கை. மேடையின் மேற்குச் சுவர் யூதர்களின் வழிபாட்டு இடம். இச்சுவர் தொடர்பான தகராறில் இருந்து 1929 ஆகத்தில் தொடங்கிய கலவரங்களில் 133 யூதர்களும் 116 அரபுகளும் உயிரிழந்தனர்.

1948 முதல் 1967 வரை பழைய நகரம் யோர்தானிடம் இருந்தது. போர்நிறுத்த உடன்பாடு வழி செய்திருந்தும் யூதர்கள் மேற்குச் சுவருக்குச் செல்ல இயலவில்லை. 1967இல் நகரைக் கைப்பற்றிய பின்னர், இசுரேலின் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் மேடையின் நிருவாகத்தை யோர்தான் சார்ந்த வக்ஃபு அமைப்பிடமே விட்டார். யூதர்கள் அங்கு செல்லலாம், ஆனால் வழிபடக் கூடாது என்பது நடைமுறை ஆயிற்று. இசுரேலின் தலைமை ராபி அவையும் தூய்மை விதிகளைக் காட்டி, யூதர்கள் மேடை மீது ஏறுவதையே தடை செய்தது. அதாவது, அரசியல் தேவையும் சமயச் சட்டமும் இங்கு ஒரே முடிவுக்கு வந்தன.

ஒஸ்லோ உடன்படிக்கையும் சமய எதிர்ப்பும்

1993 செப்டெம்பர் 13 அன்று கையெழுத்தான ஒஸ்லோ உடன்படிக்கையைச் சமயச் சார்பற்ற தலைவர்களே உருவாக்கினர். எருசலேம் பற்றிய முடிவு இறுதிக் கட்டப் பேச்சுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. உடன்படிக்கையைக் குலைக்க முனைந்தோரில் சமயக் காரணம் காட்டியவர்கள் முன்னணியில் இருந்தனர். 1994 பெப்ரவரி 25 அன்று எபிரோனின் இப்ராகிமி பள்ளிவாசலில் யூதக் குடியேற்றவாசி ஒருவர் தொழுகையில் இருந்த 29 முசுலிம்களைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டு ஏப்ரலில் ஹமாஸ் இசுரேலிய நகரங்களில் தற்கொலைத் தாக்குதல்களை நடத்தியது. 1995 நவம்பர் 4 அன்று பிரதமர் இட்சாக் ராபின், யூத மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். பிறரைக் கொல்லத் துரத்துபவனைத் தடுக்க அவனைக் கொல்லலாம் என்னும் பழைய யூதச் சட்ட விதியைக் கொலையாளி காரணமாகக் காட்டினார்.

ஒத்திவைக்கப்பட்ட வினா 2000 ஜூலையில் கேம்ப் டேவிட் மாநாட்டில் மீண்டும் எழுந்தது. கோயில் மலையின் மீதான இறைமை அங்கு தீர்க்கப்படாத முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாயிற்று. செப்டெம்பர் 28 அன்று இசுரேலிய எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் சரோன் மேடைக்குச் சென்றதை அடுத்து வெடித்த எழுச்சி 'அல்-அக்சா இன்டிஃபாதா' எனப்பட்டது.

அமைதிக்கு இடம் தரும் சமயக் கோட்பாடுகள்

யூதச் சட்டத்தில் 'பிக்குவாக் நெஃபெஷ்' என்னும் கோட்பாடு உண்டு. ஓர் உயிரைக் காப்பதற்காக ஏறத்தாழ எல்லாக் கட்டளைகளையும் மீறலாம் என்பது இதன் பொருள். 1979இல் தலைமை ராபியாக இருந்த ஓவாதியா யோசெப் இதனை நிலத்துக்கும் பொருத்தினார். நிலத்தைத் திருப்பித் தருவதால் போர் தவிர்க்கப்பட்டு உயிர்கள் காக்கப்படும் எனப் படைத்துறை வல்லுநர்கள் கருதினால், அவ்வாறு தருவது அனுமதிக்கப்பட்டதே என்பது அவரது தீர்ப்பு. அவர் வழிநடத்திய ஷாஸ் கட்சி 1993இல் ஒஸ்லோ உடன்படிக்கையை எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. 61க்கு 50 என்ற வாக்குகளில் உடன்படிக்கை நிறைவேறியது. எனினும் 2003இல், ஒஸ்லோ அமைதிக்கு மாறாகக் குருதிப் பெருக்கையே தந்தது என்றும், ஆகையால் தமது தீர்ப்பு அதற்குப் பொருந்தாது என்றும் யோசெப் அறிவித்தார். தீர்ப்பு உயிர்காப்பை நிபந்தனையாகக் கொண்டிருந்தது. அந்நிபந்தனை நிறைவேறவில்லை என்பதே அவரது வாதம்.

இசுலாமியச் சட்டத்தில் 'ஹுத்னா' என்பது காலவரையறை உடைய போர்நிறுத்தம் ஆகும். கி.பி. 628இல் முகம்மது நபி மக்காவின் குறைசிகளுடன் பத்து ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஹுதைபியா உடன்படிக்கை இதற்கு முன்மாதிரி. ஹமாஸ் நிறுவனர் அகமது யாசின் இசுரேலுடன் நீண்டகால ஹுத்னாவுக்கு ஆயத்தம் எனப் பலமுறை கூறினார். 1994இல் யாசிர் அரஃபாத் ஒஸ்லோவை ஹுதைபியாவுடன் ஒப்பிட்டபோது இசுரேலில் பெரும் ஐயம் எழுந்தது. ஹுதைபியா இரண்டே ஆண்டுகளில் முடிவுற்றதை இசுரேலியர் பலர் சுட்டினர். மக்காவின் கூட்டாளிகள் அதனை மீறியதே காரணம் என்பது முசுலிம் வரலாற்று மரபு. ஒரே நிகழ்வை ஒரு தரப்பு வாக்குறுதியாகவும் மறுதரப்பு எச்சரிக்கையாகவும் புரிந்துகொண்டது. நிலையான அமைதிக்கும் சமய ஒப்புதல் கிடைத்துள்ளது. 1979இல் எகிப்து இசுரேலுடன் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையை அல்-அசார் அறிஞர்கள் ஆதரித்தனர்.

சமயத் தலைவர்களின் முயற்சிகள்

2002 ஜனவரி 21 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவில் மூன்று சமயத் தலைவர்களும் கூடி ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டனர். கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் கேரியும் அல்-அசாரின் தலைவர் முகம்மது சையது தந்தாவியும் இதனைக் கூட்டினர். தலைமை ராபி எலியாகு பக்சி-டோரன், எருசலேமின் இலத்தீன் மறைமுதல்வர் மிசேல் சப்பா ஆகியோரும் பாலத்தீன முசுலிம் தலைவர்களும் பங்கு கொண்டனர். இறைவனின் பெயரால் குற்றமற்றவர்களைக் கொல்வது அவன் பெயரையே களங்கப்படுத்துவதாகும் என்பது அறிவிப்பின் சாரம்.

ராபி மெனாகெம் புரோமன் (1945–2013) மேற்குக் கரையின் தெக்கோவா குடியேற்றத்தில் வாழ்ந்தவர். குஷ் எமுனிம் இயக்கத்தின் தொடக்க கால உறுப்பினர். நிலம் இறைவனுக்கே உரியது, ஆகையால் எந்த அரசு ஆள்கிறது என்பது இரண்டாம் நிலையிலேயே உள்ளது என வாதிட்ட அவர், அரஃபாத்தையும் யாசினையும் சந்தித்தார். 2010இல் பெயித் ஃபஜ்ஜார் என்னும் ஊரில் பள்ளிவாசல் ஒன்று எரிக்கப்பட்டபோது, அவரும் வேறு சில ராபிகளும் புதிய குர்ஆன் படிகளை அங்கு கொண்டு சென்று கொடுத்தனர்.

அப்துல்லா நிமர் தார்வீசு (1948–2017) இசுரேலில் இசுலாமிய இயக்கத்தைத் தொடங்கியவர். 1980களில் சிறையில் இருந்த பின்னர் வன்முறையைக் கைவிட்டு, ராபி மைக்கேல் மெல்கியோருடன் இணைந்து பணியாற்றினார். அவரது வழியில் வந்த ராஅம் கட்சி, மன்சூர் அப்பாசின் தலைமையில் 2021 ஜூனில் இசுரேலின் ஆளும் கூட்டணியில் சேர்ந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், லோட் நகரில் கலவரத்தில் எரிந்த யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்வையிட்ட அப்பாஸ், அதைச் சீரமைக்க உதவுவதாகக் கூறினார்.

விமர்சனங்கள்

இம்முயற்சிகள் அறிவிப்புகளோடு நின்றுவிடுகின்றன என்பது முதன்மையான விமர்சனம். அலெக்சாந்திரியா அறிவிப்புக்குப் பின்னரும் 2002ஆம் ஆண்டு முழுவதும் வன்முறை தொடர்ந்தது. நல்லெண்ணச் சந்திப்புகள் ஆக்கிரமிப்பு, குடியேற்றம் ஆகிய அரசியல் வினாக்களை மறைத்துவிடுகின்றன எனப் பாலத்தீனர் பலர் கருதுகின்றனர். சமயத்தைப் பேச்சு மேசைக்குக் கொண்டுவந்தால், பங்கிடக்கூடிய நிலப் பிணக்கு பங்கிட இயலாத சமயப் போராக மாறிவிடும் எனச் சமயச் சார்பற்ற இசுரேலியர் சிலர் அஞ்சுகின்றனர். இதற்கு மறுமொழியாக, சமயப் பற்றாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டபோதும் அவர்களால் உடன்படிக்கையைத் தகர்க்க முடிந்தது என்பதை ஒஸ்லோ அனுபவத்தைக் கொண்டு சமய உரையாடலை ஆதரிப்போர் காட்டுகின்றனர்.

2023க்குப் பின்னர்

2023 அக்டோபர் 7 அன்று இசுரேல் மீது நடத்திய தாக்குதலுக்கு ஹமாஸ் 'அல்-அக்சா வெள்ளம்' எனப் பெயரிட்டது. அதில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணையாகக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர்ந்த போரில், காசா நலவாழ்வுத் துறையின் கணக்குப்படி 2025 அக்டோபர் போர்நிறுத்தம் வரை 67,000க்கும் மேற்பட்ட பாலத்தீனர் உயிரிழந்தனர். இதே காலத்தில் நடப்பு நிலையும் தளர்ந்தது. இசுரேலிய அமைச்சர் இத்தாமார் பென்-குவிர், 2025 ஆகத்தில் மேடை மீது யூத வழிபாட்டை நடத்தினார். நடப்பு நிலை மாறவில்லை எனப் பிரதமர் அலுவலகம் அறிவித்தது.

அமைதி வாய்ப்புகள்

மேற்கண்ட வரலாற்றில் இருந்து இரண்டு செய்திகளைக் காணலாம். முதலாவது, புனித இடம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவை விட, அங்கு யார் எப்போது எதைச் செய்யலாம் என்னும் வினாவே தீர்க்கத்தக்கதாக இருந்துள்ளது. 2008இல் இசுரேலியப் பிரதமர் எகுட் ஓல்மெர்ட், புனித இடங்கள் உள்ள பகுதியில் எவரும் இறைமை கோராமல், அதனை ஐந்து நாடுகள் கூட்டாக நிருவகிக்கலாம் என முன்மொழிந்ததும் இவ்வழியைச் சேர்ந்ததே. இரண்டாவது, சமயச் சட்டம் தானாக அமைதியைக் கொண்டு வருவதில்லை. அரசியல் தலைவர்கள் அமைதிக்கு ஆயத்தமாக இருக்கும்போது, நம்பிக்கையாளர்கள் அதனை மனச்சான்றுக்கு முரணின்றி ஏற்க வழி செய்கின்றது. அவ்வுடன்பாடு உயிர்களைக் காக்கத் தவறும்போது, தான் அளித்த அனுமதியை அச்சட்டம் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடும்.