யார் சொல்லி வந்தீங்க?

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-சர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைத்தொடர் வந்தது. உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் வெளிநாட்டு ஆர்டர் பார்த்தது அப்படித்தான். அங்கே வேலை தேடி ஆட்கள் போன கணியூர் அன்று கோவை மாவட்டத்தில், உடுமலை வட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-ல்தான். அமராவதித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைந்த கணியூரிலிருந்து பனியன் வேலைக்குப் போக, உடுமலை போய் பல்லடம் வழியாகத் திருப்பூர் பஸ் பிடிக்க வேண்டும்.

போய் இறங்கினால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. பேட்டர்ன் மாஸ்டரோ, ஜாப் ஒர்க் கேட்டு வந்தவரோ, கம்பெனி வாசலில் எதிர்கொண்ட முதல் கேள்வி, “யார் சொல்லி வந்தீங்க?” எந்த ஊர், யார் வீடு, மாமன் எங்கே இருக்கிறார் என்று பேச்சு ஒரு சுற்று சுற்றிய பிறகே பையிலிருந்து சாம்பிள் வெளியே வரும். வந்தவரும் சும்மா வந்திருக்க மாட்டார். எந்த ஷிப்மென்ட் நெருக்குகிறது, காஜா பட்டன் போட ஆள் இருக்கிறதா என்றெல்லாம் டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். வெளிநாட்டுப் பையரிடம் பேசும்போதும் அதே கதைதான். ஆகஸ்டில் இத்தாலி விடுமுறையில் இருக்கும், அப்போது டெலக்ஸ் அடித்துப் பயனில்லை என்பது பழைய மெர்ச்சண்டைசருக்கு அத்துப்படி.

அந்த விசாரிப்பை நான் மதிக்கிறேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லி அனுப்ப ஒருவர் இல்லாதவருக்கு, உறவும் சாதியும் துணைக்கு வராதவருக்கு, தனியாக வந்து நின்ற பெண்ணுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. திருப்பூர் முதலாளிகளின் வளர்ச்சியில் இந்த உறவுக்கட்டு என்ன வேலை செய்தது என்று ஆராய்ந்து ஷரத் சாரி 2004-ல் ஒரு நூலே எழுதினார்.

இன்று கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுவது, டெக் பேக் தயாரிப்பது, பிரின்ட் டிசைன் வரைவது எல்லாம் கணியூர் வீட்டிலிருந்தபடியே முடிகிற வேலை. லிங்க்ட்இன் உண்டு, அப்வொர்க் உண்டு, பையரின் மெயில் முகவரி அவருடைய கடைப்பக்கத்திலேயே கிடைக்கிறது. யார் வீட்டுப் பெண் என்று லண்டனில் யாரும் கேட்பதில்லை. இது சாதாரண மாற்றம் இல்லை. இரண்டு தலைமுறை ஏங்கிய வாசல் இது.

வாசல் திறந்ததும் விசாரிப்பைக் கைவிட்டுவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம். ‘டியர் சர் ஆர் மேடம்’ என்று தொடங்கும் ஒரே கடிதம் ஆயிரம் பேருக்குப் போகிறது. இப்போது ஏஐ அதில் பெயரையும் கம்பெனியையும் செருகித் தருகிறது. பெறுகிறவர் இரண்டாவது வரியில் கண்டுபிடித்துவிடுகிறார். மொத்தமாக அனுப்பும் மெயில்கள்மீது 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் கட்டுப்பாட்டை இறுக்கின. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் ஒரு பட்டனைத் தட்டினாலே நம் முகவரி கெட்டுப்போகும்.

விசாரித்து எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? பிரிட்டனில் குழந்தை உடை விற்கும் ஒரு சின்னக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளைப் பொறுமையாகப் படித்தால், 12–18 மாத ரோம்பரில் குழந்தையின் தலை நுழையவில்லை என்று நான்கைந்து பேர் அலுத்துக்கொண்டிருப்பது தெரியும். பிறகு இப்படி எழுதலாம்: “உங்கள் ரோம்பரின் கழுத்து பற்றி வாங்கியவர்கள் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். நான் பேட்டர்ன் போடுபவள். தோளில் ஒன்றன்மேல் ஒன்று படியும் என்வலப் நெக் வைத்தால் இது சரியாகும் என்று நினைக்கிறேன். சிறு படம் இணைத்திருக்கிறேன். உங்கள் அளவுப் பட்டியல் கிடைத்தால் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று சொல்கிறேன்.” ஐந்தாறு வரிதான். இந்தக் கடிதத்தை வேறு எந்தக் கடைக்கும் அப்படியே அனுப்ப முடியாது. முழுப் பேட்டர்னையும் இலவசமாகக் கொடுக்கத் தேவையில்லை. கடைக்காரரின் சரக்கைப் பார்த்திருக்கிறோம் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

நேரமும் இந்த விசாரிப்பில் சேர்ந்ததே. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தது. அந்த வாரத்தில் அமெரிக்கக் கடைக்காரருக்கு எழுதிவிட்டு வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றால் அவர் ஏன் பதில் போட வேண்டும்? அதே ஆண்டு ஜூலை 24-ல் இந்தியா பிரிட்டனுடன் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அதைப் படித்தவருக்கு அடுத்த கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அன்று மாமன் வீட்டை விசாரித்தது முகத்துக்கு முகம் பார்த்து. பையரின் ஃபேஸ்புக்கைத் துழாவி அவர் குழந்தையின் பிறந்தநாளைக் கடிதத்தில் எழுதுவது அத்துமீறல். விசாரிப்பு அவர் சரக்கோடு நிற்கட்டும்.

கணியூரிலும் பக்கத்து மடத்துக்குளத்திலும் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இன்று இரவு அனுப்ப வைத்திருக்கும் அந்த மொத்த மெயிலை நிறுத்துங்கள். பட்டியலில் ஐந்து கடைகளை மட்டும் எடுத்து, அவர்கள் விற்பதையும் வாங்கியவர்கள் குறை சொல்வதையும் கடைசி வரி வரை படியுங்கள். எழுத ஒன்றும் கிடைக்காத கடைக்கு எழுதவே வேண்டாம்.