கான்கிரீட்டுக்குள் ஒரு பல்சக்கரம்

அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கான்சன் 1992-ல் ஒரு இயந்திரம் செய்தார். ஒரு முனையில் சின்ன மின்மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஓடும். அதை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு ஜோடி கியர். மறுமுனையில் இருக்கும் கடைசிச் சக்கரம் கான்கிரீட் கட்டிக்குள் புதைந்து கிடக்கிறது. அதற்கு அசைய வழியே இல்லை. ஆனாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. திணறுவதும் இல்லை, சூடேறிப் புகைவதும் இல்லை.

நடுவில் எங்காவது இணைப்பை அறுத்துவிட்டு ஏமாற்றுகிறாரோ என்றுதான் முதலில் தோன்றும். அப்படி எதுவும் கிடையாது. மோட்டாரிலிருந்து கான்கிரீட் வரை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. சூட்சுமம் முழுக்கக் கணக்கில் இருக்கிறது. ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

இந்த வகைக்கு வார்ம் கியர் என்று பெயர். ஒரு திருகும், அதன் மரையில் பல் பதிந்து நிற்கும் ஒரு சக்கரமும் சேர்ந்தால் ஒரு ஜோடி. திருகு ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 50 பல் இருந்தால், திருகு 50 தடவை சுற்றிய பிறகுதான் சக்கரம் ஒரு சுற்றை முடிக்கும். அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே அடுத்த திருகு இருக்கிறது. அது அடுத்த சக்கரத்தைத் தள்ளுகிறது. கான்சன் வைத்த பன்னிரண்டு ஜோடியும் ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைப்பவை.

இனி ஒவ்வொரு படியாக நடந்து பார்க்கலாம். மோட்டார் ஒரு சுற்று சுற்ற ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. முதல் சக்கரத்துக்கு 15 நொடி. இரண்டாவதற்குப் பன்னிரண்டரை நிமிடம். அதாவது நம் டீ முடிந்துவிடும். மூன்றாவது சக்கரம் பத்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. நான்காவதற்கு மூன்று வாரம், ஐந்தாவதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு. ஆறாவது சக்கரம் ஒரு சுற்று முடிக்க 148 ஆண்டு ஆகும். மனித ஆயுசு ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ முடிந்துபோகிறது. இயந்திரத்தில் இன்னும் பாதி மிச்சம்.

ஏழாவது சக்கரத்துக்கு 7,400 ஆண்டு. அத்தனை காலம் பின்னால் போனால் எழுத்தே பிறந்திருக்காது. எட்டாவதற்கு மூன்றே முக்கால் லட்சம் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் மனித இனத்தின் வயதே அதைவிடச் சிறியது. ஒன்பதாவது ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டுகிறது. பத்தாவது 92 கோடி. பதினொன்றாவது 4,600 கோடி ஆண்டு கேட்கிறது. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடிதான். கான்கிரீட்டில் புதைந்த பன்னிரண்டாவது சக்கரம் ஒரு முறை சுற்றி வர வேண்டுமானால் 2.3 லட்சம் கோடி ஆண்டு.

லட்சம் கோடி என்றால் நமக்குப் பழக்கப்பட்ட அளவு போலத்தான் இருக்கிறது. அலைக்கற்றை விவகாரத்தில் தணிக்கை அறிக்கை சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் என்ற தொகை 2010-க்குப் பிறகு டீக்கடை பெஞ்சு வரை புழங்கியது. அதை ஒரு சைபர் குறைத்து 17,600 கோடி என்று சொல்லியிருந்தாலும் பேச்சின் சூடு குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லாத் தொகையும் நம் மனதில் 'ரொம்பப் பெரிசு' என்ற ஒரே சாக்கில் விழுந்துவிடுகிறது. நொடியாக மாற்றினால்தான் வித்தியாசம் உறைக்கும். ஒரு லட்சம் நொடி என்பது ஒரு நாளும் சில மணி நேரமும். ஒரு கோடி நொடி நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு லட்சம் கோடி நொடி 31,700 ஆண்டு.

சரி, கடைசிச் சக்கரம் மெதுவாகவாவது நகரத்தானே வேண்டும், கான்கிரீட் அதைத் தடுக்காதா? நியாயமான கேள்வி. சக்கரத்தின் விளிம்பு 20 சென்டிமீட்டர் சுற்றளவு என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அந்த விளிம்பு ஓர் அணுவின் அகலம் நகரவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இன்னொரு விஷயமும் உண்டு. எந்தக் கியரிலும் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். பட்டறையில் 'பிளே' என்பார்கள். கடைசிச் சக்கரத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால், அந்த இடைவெளி அடைபட மட்டும் நூறு கோடி ஆண்டுக்கு மேல் பிடிக்கும். அதன் பிறகுதான் பல் பல்லை அழுத்தும், அச்சு முறுக்கேறும், உலோகம் வளையும். அதற்குள் மோட்டாரின் செப்புக் கம்பி என்ன கதியாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் இருப்பது மோட்டாருக்குத் தெரியவே தெரியாது.

கியர் வேகத்தைக் குறைத்தால் திருகு விசை கூடும். மேடேறும் லாரிக்கு ஃபர்ஸ்ட் கியர் அதனால்தான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உராய்வில் எவ்வளவு வீணானாலும் கடைசி அச்சில் மலையைப் புரட்டும் விசை சேர வேண்டும். காகிதத்தில் சேரும். நிஜத்தில் அதைத் தாங்கும் பல் எந்த உலோகத்திலும் கிடையாது. விசை அங்கே போய்ச் சேரக் காலமும் கிடையாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த டேனியல் டி ப்ரூய்ன் 2020-ல் இதையும் மிஞ்சினார். தான் பிறந்து நூறு கோடி நொடி ஆனதைக் கொண்டாட, பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நூறு கியர்களை வரிசையாகக் கோத்தார். கடைசி கியர் ஒரு சுற்று சுற்ற, முதலாவது கூகோல் தடவை சுற்ற வேண்டும். ஒன்றுக்குப் பின் நூறு சைபர். வேலைப்பாடு அபாரம், மறுக்கவில்லை. ஆனால் நொடிக்கு ஒரு சுற்றில் தொடங்கினாலும் பதினெட்டாவது குறைப்பிலேயே பிரபஞ்சத்தின் வயது தாண்டிவிடுகிறது. மிச்சமுள்ள எண்பது சொச்சம் கியரைப் பார்க்கும்போது கண்ணுக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. என் ஓட்டு கான்சனுக்குத்தான். படி எண்ணக்கூடிய அளவில் இருக்கிறது. முடிவில் கையால் தட்டிப் பார்க்க ஒரு கட்டி இருக்கிறது.

நம்பிக்கை வராதவர்கள் கடைகளில் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரை எடுத்து 50-ஐ 50-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். ஏழு ஐம்பது வரை தாக்குப்பிடிக்கும். எட்டாவது ஐம்பதில் எரர் காட்டி நின்றுவிடும். கான்சன் அதற்குப் பிறகும் நான்கு ஜோடி வைத்திருக்கிறார்.