உப்பை வடிக்கும் மரம்: எப்படி இயங்குகிறது?

கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் பக்கம் பல வீட்டுச் சமையலறைகளில் நீரிலிருந்து உப்பை வடிக்கும் ஆர்.ஓ. கருவி உண்டு. அதே வேலையை எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் சேற்றில் நின்றபடி ஒரு மரம் செய்கிறது: அலையாத்தி வகையைச் சேர்ந்த வெண்கண்டல். தாவரவியல் பெயர் அவிசென்னியா மரினா. கருவியைக் கழற்றிப் பார்ப்பதுபோல மரத்தையும் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு): வேர்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வேருக்குள் மெழுகுத்தன்மையுள்ள தடுப்போடு ஒரு செல் அடுக்கு இருக்கிறது. நீர் இடுக்கு வழியே நழுவ முடியாது. செல் சவ்வைக் கடந்தே உள்ளே போகவேண்டும். அங்கேயே ஏறத்தாழ 90 சதவீத உப்பு நின்றுவிடுகிறது.

பம்ப்: இலை

கருவியில் மோட்டார் நீரைத் தள்ளுகிறது. மரமோ இழுக்கிறது. வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக, வேர்வரை தொடரும் நீர்த்தாரை மேலேறுகிறது. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்கக் காற்றழுத்தத்தைப்போல 25 மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். வீட்டுக் கருவிக்கு அந்தப் பலம் கிடையாது. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள, கடல்நீரை நன்னீராக்கும் ஆலைக்கு அதற்கென மின்சாரம் வேண்டும். மரத்துக்கு வெயிலே போதும். 1960களில் ஷோலாண்டர் என்ற அறிவியலாளர் அலையாத்திக் கிளைகளை அழுத்தக் கலனில் வைத்து இந்த இழுவிசையை அளந்தார். அது காற்றழுத்தத்தின் 30 மடங்கையும் தாண்டியது.

தப்பி வந்த உப்பு

கருவியில் இல்லாத ஒரு பாகம் மரத்தில் உண்டு. வேரைத் தாண்டி வந்துவிட்ட உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயிலில் அது இலைமேல் பரல் பரலாகக் காய்ந்திருக்கும். நக்கிப் பார்த்தால் கரிக்கும்.

   

கழிவுக் குழாய்: ஓதம்

வேர் தடுத்த உப்பு வேரடி மண்ணிலேயே சேர்கிறது. அதைக் கழுவிக்கொண்டு போவது கடலோதம். கழிவுக் குழாய் அடைபட்டால் கருவி கெடுவதுபோல, ஓதம் வந்துபோக வழியில்லாவிட்டால் மண்ணில் உப்பு ஏறி மரம் பட்டுப்போகிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்கள் பள்ளமாகி, தேங்கிய நீரில் உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காமல் போயின. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் அங்கே வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டபின்தான் நாற்றுகள் பிழைத்தன.

எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழி தூர்ந்த இடங்களுக்கும் இதே கணக்குதான்: முதலில் தூர்வார வேண்டும், பிறகே நாற்று.