புது பிரேக் பேடு ஏன் கத்துகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் முன்பக்க பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றினேன். மறுநாள் காலை லஸ் கார்னர் சிக்னலில் பிரேக்கை லேசாக அழுத்தியதும் கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் மானம் போய்விட்டது.

அபார்ட்மென்டில் இரண்டு யோசனைகள் கிடைத்தன. "ஓட ஓட சரியாப் போயிடும் சார்" என்றார் ஒருவர். "பேடு மேல துளி கிரீஸ் தடவிடுங்க" என்றார் இன்னொருவர். முதல் யோசனை பாதி சரி. இரண்டாவது ஆளையே கொன்றுவிடும். ஏன் என்று தேடிப் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் குறிப்பு.

இந்தச் சத்தம் டிஸ்க் பிரேக்கோடு கூடவே பிறந்தது. 1902ல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். செம்புப் பட்டைகள் உலோகத் தட்டில் உரசி ஊரையே கூட்டின. 1907ல் ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ் லைனிங் கொண்டுவந்த பிறகுதான் அது கொஞ்சம் அடங்கியது. அந்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு எமன் என்பது பின்னால் தெரிந்த கதை. இன்றைக்கும் பேடு மாற்றும்போது அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

சரி, சத்தம் எப்படி வருகிறது? வயலின் வில் தந்தியைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடப்பதால்தான் நாதம் வருகிறது. பேடும் டிஸ்க்கை இப்படித்தான் பிடித்துப் பிடித்து விடுகிறது. டிஸ்க்கோ கோயில் சேகண்டி மாதிரி ஒரு இரும்புத் தட்டு. அதிர்வு கிடைத்தால் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பாட ஆரம்பித்துவிடும். மெதுவாகப் போகும்போது, லேசாக அழுத்தும்போதுதான் இது அதிகம். மயிலாப்பூர், தி.நகர் டிராபிக்கில் நாம் நாள் முழுக்கச் செய்வது அதைத்தானே!

சேகண்டியில் கை வைத்தால் சத்தம் நின்றுவிடும். பிரேக்கில் அந்தக் கை வேலையைச் செய்வது ஷிம். பேடின் முதுகில் ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு அது. என் தப்பும் அங்கேதான். புது பேடில் ஷிம் வரவில்லை. பழைய ஷிம்மோ பழைய பேடோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. ஜி.பி. ரோட்டில் புது ஷிம்மும் கிளிப்பும் வாங்கிவந்து, மறுபடி கழற்றினேன். இந்த முறை செய்தவை:

1. பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் இருந்த துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் புது கிளிப் போட்டேன். பேடு அங்கே தடையில்லாமல் நகர வேண்டும்.

2. காலிப்பரின் ஸ்லைடு பின்களைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போட்டேன். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதிப்போகும்.

3. பேடின் முதுகிலும் காதுகளிலும் மட்டும், சூடு தாங்கும் பிரேக் கிரீஸ், மெல்லிசாக. உரசும் முகத்தில் ஒரு துளிகூடப் படக்கூடாது. பட்டால் சத்தம் மட்டுமில்லை, பிரேக்கும் போய்விடும்.

4. போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். பிறகு வண்டியை நகர்த்தும் முன்பே பெடலைப் பலமுறை அழுத்தி, கெட்டியாவதை உறுதி செய்துகொண்டேன். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. இதை மறந்தால் வண்டி நேரே எதிர்ச்சுவரில்தான் போய் நிற்கும்.

அடுத்தது பழக்குதல். பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் டிஸ்க் முழுக்கச் சீராகப் படிய வேண்டும். மாட வீதியில் 20க்கு மேல் போக முடியாதே, எப்படிப் படியும்? விடிவதற்கு முன், காலியான, பின்னால் வண்டி வராத ரோட்டுக்குப் போனேன். 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைப்பது, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுவது, மறுபடி குறைப்பது என்று பத்துத் தடவை. சூடான பேடை அழுத்திப் பிடித்தபடி முழுசாக நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். உங்கள் பேடு அட்டையில் வேறு முறை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். "ஓட ஓட சரியாப் போயிடும்" என்பதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான்.

எல்லாச் சத்தத்தையும் அடக்கவும் கூடாது. பல பேடுகளில் ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். பேடு 2, 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். "என்னை மாத்து" என்று அர்த்தம். கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

என் வண்டி இப்போது அமைதி. கடல் காற்றில் ராத்திரியோடு ராத்திரியாக டிஸ்க் லேசாகத் துருப்பிடிப்பதால் காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் கொஞ்சம் உரசல் கேட்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.