பெட்டியில் வந்திறங்கும் கடைசல் இயந்திரம்: அளந்த பிறகே திருகுங்கள்!

மாணவர்களே, உங்கள் தலைமுடி ஒன்றை விரல்களுக்கு இடையே வைத்து உருட்டிப் பாருங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளங்கை அளவிலான நீராவி இயந்திரத்தை உலோகத்தில் செய்து பார்க்கும் பொழுதுபோக்காளருக்கு அது மிகப் பெரிய அளவு. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே முடி நுழையும் இடைவெளி இருந்தால், நீராவி தள்ள வேண்டியதைத் தள்ளாமல் வீணாகக் கசிந்துவிடும்.

அந்த நுணுக்கத்தைத் தருவது லேத் எனப்படும் கடைசல் இயந்திரம். துளையிடும் கருவியில் அலகு சுழலும், பொருள் அசையாது. லேத்தில் இது தலைகீழ். பொருள் சுழலும், கூரிய வெட்டுளி மெல்ல நகர்ந்து அதைச் சீவும். கட்டில் காலையும் பம்பரத்தையும் மரத்தில் கடைந்தெடுத்த அதே முறைதான். இங்கே மரத்துக்குப் பதில் இரும்பு, பித்தளை, அலுமினியம்.

1990களிலிருந்து சீனாவில் தயாரான சிறிய லேத்துகள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எனப் பல நாட்டு வீட்டுப் பட்டறைகளுக்குச் சென்றன. இவற்றுள் புகழ்பெற்றது '7 அங்குல' வகை. அதில் ஏறக்குறைய 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொருள் வரை சுழலலாம். எடை சுமார் 40 கிலோ. ஒரே வடிவமைப்பு பல நிறங்களிலும் பல வணிகப் பெயர்களிலும் விற்கப்படுகிறது.

விலை குறைவு. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் வேலையைத் தொடங்க முடிவதில்லை என்பது இதை வாங்கியவர்கள் பலரின் அனுபவம். "இது இயந்திரம் அல்ல, இயந்திரம் செய்வதற்கான பொருள்கள்" என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. ஏன் இப்படி? சரிசெய்ய முடியுமா? இதற்குப் பதில் உங்கள் அறிவியல், கணிதப் பாடங்களிலேயே இருக்கிறது.

பிழை எங்கே பிறக்கிறது?

லேத்தின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றினால், மெல்லிய பகுதி முதலில் குளிரும்; தடித்த பகுதி பிறகு குளிரும். இதனால் இரும்புக்குள் இழுவிசைகள் தேங்கி நிற்கின்றன. அவற்றைத் தணிக்காமல் அவசரமாகச் சீவினால், இரும்பு பிறகு மெல்ல வளையக்கூடும்.

இரண்டாவது காரணம் மனித உழைப்பு. உறுப்புகளை ஒவ்வொன்றாக உரசிப் பொருத்தி, அளந்து, மீண்டும் உரசுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு விலை உண்டு. மலிவு லேத்தில் மிச்சப்படுத்தப்படுவது பெரும்பாலும் அதுதான். எந்த நாட்டில் செய்தார்கள் என்பதைவிட, கடைசிக் கட்டப் பொருத்தத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதே தரத்தை முடிவு செய்கிறது. விடுபட்ட அந்த வேலை வாங்கியவரின் தலையில் விழுகிறது.

முதல் நாள்: துடைப்பு வேலை

கடல் வழியாக வரும் லேத்தின் மீது கெட்டியான பழுப்பு நிறப் பசை அப்பியிருக்கும். பார்க்க மசகு போலிருந்தாலும் அது துருத்தடுப்புப் பூச்சுதான். அதோடு லேத்தை ஓட்டக்கூடாது. உலோகத் துகள்களும் வார்ப்பு மணலும் அதில் ஒட்டியிருந்தால், அது தேய்ப்புத்தாள் போல வேலை செய்து நகரும் பரப்புகளை அரித்துவிடும். மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்தெடுத்து, உடனே மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் பூச்சில்லாத இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

டயல் சொல்வது உண்மையா?

லேத்தின் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு திருகாணி சுழன்று வெட்டுளியை நகர்த்தும். எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கைப்பிடியிலுள்ள டயல் காட்டும்.

அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பப்பட்ட சில லேத்துகளில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே இருப்பது மெட்ரிக் திருகாணி. ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும். டயலில் பொறித்திருப்பதோ 0.040 அங்குலம், அதாவது 1.016 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் வேறுபாடு 0.016 மட்டுமே. பத்துச் சுற்றில் என்ன ஆகும்? டயல் 10.16 மில்லிமீட்டர் என்கிறது. வெட்டுளி நகர்ந்தது 10 மில்லிமீட்டர். இரண்டு முடிகளின் தடிமனைவிட அதிகமான பிழை!

கை நடுங்கியதால் வரும் பிழை ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். இந்தப் பிழை அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே விகிதத்தில் வரும். இதை முறைசார் பிழை என்போம். எத்தனை முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது போகாது. ஆனால் விகிதம் தெரிந்துவிட்டால் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அல்லது வெர்னியர் அளவியால் நேரடியாகப் பொருளையே அளந்துகொள்ளலாம்.

நடுங்கும் வெட்டு

சீவிய பரப்பு வழவழப்பாக இல்லாமல் அலை அலையாக இருக்கிறதா? இயந்திரம் கடகடவென அதிர்கிறதா? முதலில் சந்தேகிக்க வேண்டியது சறுக்கிகளை. வெட்டுளியைத் தாங்கும் பகுதி, புறா வால் வடிவப் பள்ளத்தில் சறுக்கி நகர்கிறது. பள்ளத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய உலோகப் பட்டை ஒன்று இருக்கும். சிறு திருகுகள் அதை அழுத்திப் பிடிக்கும். அவை தளர்ந்திருந்தால் வெட்டுளி ஆடும். மிக இறுகியிருந்தால் கைப்பிடி சுழலாது.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு திருகையும் சிறிது சிறிதாக இறுக்கி, சறுக்கி தன் முழுத் தூரமும் சீராக, சற்றே எதிர்ப்புடன் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பூட்டு நட்டுகளை இறுக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தப் பழுதுபார்ப்பே பெரும்பாலும் மிகப் பெரிய மாற்றத்தைத் தருகிறது.

தள்ளாடும் சக்

பொருளைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைக் கருவியின் பெயர் சக். அதில் நேரான கம்பியைப் பொருத்தி, டயல் இண்டிகேட்டர் என்னும் அளவியின் முனையைக் கம்பியில் தொடவைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முள் மொத்தம் 0.10 மில்லிமீட்டர் ஆடினால், கம்பியின் மையம் எவ்வளவு விலகியிருக்கிறது? 0.10 என்று சொன்னால் தவறு, 0.05தான் சரி. ஒரு பக்கம் 0.05 வெளியே, மறுபக்கம் 0.05 உள்ளே.

உடனே புதுச் சக் வாங்க ஓடக்கூடாது. சக்கைக் கழற்றிவிட்டு, அது பொருந்தும் சுழல்தண்டின் முகத்தை அளக்க வேண்டும். அது ஆடாமல் சுழன்றால் குறை சக்கிலோ, இரண்டுக்கும் இடையே சிக்கிய ஒரு சிறு துகளிலோ இருக்கிறது. சில வேளைகளில் துடைத்து, வேறு துளைகளுக்கு மாற்றிப் பொருத்தினாலே ஆட்டம் குறையும். சுழல்தண்டே ஆடினால் பேரிங்குகளைக் கவனிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியைத்தான் மாற்ற வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் படித்தீர்கள் அல்லவா? அதுவே இங்கும் விதி.

இந்த வகை லேத்துகளில் பெரும்பாலும் 6206 என்ற எண்ணுள்ள சாதாரண உருண்டை பேரிங்குகள் இருக்கும். உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீட்டர். பலர் இவற்றுக்குப் பதில் 30206 என்ற கூம்பு உருளை பேரிங்குகளைப் பொருத்துகிறார்கள். அவை பக்கவாட்டு விசையோடு நீளவாட்டு விசையையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அவற்றின் அகலம் 17.25 மில்லிமீட்டர். அந்த 1.25 மில்லிமீட்டரை மறந்தவருக்கு மற்ற உறுப்புகள் பொருந்தா!

ஒருபுறம் தடித்த உருளை

நேரான உருளை செய்ய நினைத்தீர்கள்; ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வருகிறது. நீண்ட பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கோட்டிலிருந்து விலகியிருக்கலாம். சோதனைக் கம்பி ஒன்றின் இரு முனைகளையும் ஒரே வெட்டுளி நிலையில் சீவி அளக்கிறோம். சக் பக்கம் 20.00, டெயில்ஸ்டாக் பக்கம் 20.06 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்ட வேறுபாடு 0.06, ஆரத்தில் அது 0.03. ஆகவே டெயில்ஸ்டாக்கை வெட்டுளியை நோக்கி 0.03 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும்.

அதே டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் விலகாமல், 0.1 மில்லிமீட்டர் உயரமாக மட்டும் இருந்தால்? பித்தகோரஸ் தேற்றத்தை நினைவுகூருங்கள். ஆரம் 10 மில்லிமீட்டர் எனில் புதிய ஆரம் √(10² + 0.1²) = 10.0005. அளவியால் காண்பதே கடினம்! ஆனால் டெயில்ஸ்டாக்கில் துளையிடும் அலகை மாட்டினால் கதை வேறு. அலகு மையத்தைவிட்டு 0.1 மில்லிமீட்டர் விலகி நுழையும், துளை பெரிதாகிவிடும். ஆக, ஒரே அளவு பிழை ஒரு வேலைக்கு ஒன்றுமில்லை. இன்னொரு வேலையைக் கெடுத்துவிடும். எதைத் திருத்த வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. டெயில்ஸ்டாக் தாழ்ந்திருந்தால் அதன் அடியில் மெல்லிய தகடு வைப்பார்கள். குளிர்பான டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதால் அதுவே பல பட்டறைகளில் கைகொடுக்கிறது.

உடைவதற்கென்றே ஓர் உறுப்பா?

பல மாதிரிகளில் மோட்டாரின் விசையைச் சுழல்தண்டுக்குக் கொண்டுசெல்வது பிளாஸ்டிக் பல்சக்கரம். வெட்டுளி பொருளில் சிக்கி லேத் திடீரென நின்றால் பற்கள் முறியும். உலோகப் பல்சக்கரம் கடைகளில் கிடைக்கிறது. மாற்றலாமா? யோசியுங்கள். வீட்டில் ஃபியூஸ் கம்பி உருகி மின்சாதனங்களைக் காப்பது போல, மலிவான பல்சக்கரம் உடைந்து விலையுயர்ந்த உறுப்புகளைக் காப்பதும் உண்டு. வலுவான சக்கரம் போட்டால் அதே அதிர்ச்சி மோட்டாருக்கோ மின்சுற்றுப் பலகைக்கோ போகும். மாற்றும் முன் 'இது ஏன் முறிந்தது?' என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும்.

இங்கே கை வைக்க வேண்டாம்

மின்பகுதி மாணவர்களுக்கு உரியதல்ல. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள மின்தேக்கிகள், இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். அமெரிக்காவுக்கான லேத் 110 முதல் 120 வோல்ட்டில் ஓடுவது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். செருகியை மட்டும் மாற்றி மாட்டினால் மின்னழுத்தம் ஏறக்குறைய இருமடங்காகும். மின்தடை மாறாத சுற்றில் வெப்பம் நான்கு மடங்காகும்! நிலக்கம்பி இணைப்பையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே சோதிக்க வேண்டும்.

பள்ளிப் பட்டறையில் லேத் அருகே நிற்கும்போது இவற்றை மறவாதீர்கள்:

• பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நீண்ட முடியைக் கட்டுங்கள். கழுத்தில் தொங்கும் மாணவர் அட்டையைக் கழற்றுங்கள். சட்டைக் கையை மடித்துவிடுங்கள்.
• சுழலும் லேத் அருகே கையுறை அணியக்கூடாது. கையுறை சிக்கினால் கையும் உள்ளே இழுக்கப்படும்.
• சக் சாவியை ஒருபோதும் சக்கிலேயே விட்டுவிடாதீர்கள். லேத் சுழலத் தொடங்கியதும் அது பறந்து வந்து தாக்கும்.
• எதைச் சரிசெய்தாலும் முதலில் மின்செருகியைப் பிடுங்குங்கள்.

செய்து பாருங்கள்

லேத் இல்லாமலேயே இந்த அறிவியலைச் சோதிக்கலாம். வன்பொருள் கடையில் M6 போல்ட் ஒன்றும் நட்டு ஒன்றும் வாங்குங்கள். வழக்கமான M6 போல்ட்டில் ஒரு சுற்றுக்கு நட்டு 1 மில்லிமீட்டர் நகரும். நட்டில் ஒரு புள்ளி வைத்து, சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, நகர்ந்த தூரத்தை வெர்னியர் அளவியால் அளந்து பாருங்கள். பிறகு நட்டைச் சுற்றாமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சிறு ஆட்டம் தெரிகிறதா? பட்டறைக்காரர்கள் இதை 'பேக்லாஷ்' என்பார்கள். லேத்தில் கைப்பிடியின் திசையை மாற்றும்போது டயல் நகர்ந்தும் வெட்டுளி நகராமல் நிற்பது இதனால்தான்.

பிழையிலிருந்து துல்லியம்

முதல் துல்லியமான கருவியைச் செய்ய, அதற்கு முன் துல்லியமான கருவியே இல்லையே, எப்படி முடிந்தது? இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் ஒரு விளக்கம் தந்தார். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உரசினால், ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் பொருந்திவிடலாம். மூன்று தட்டுகளை மாறி மாறி ஒப்பிட்டு, எந்த இரண்டை எடுத்தாலும் பொருந்தும்படி உரசினால், மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். அங்கே துல்லியத்தைத் தந்தது விலையுயர்ந்த கருவி அல்ல, பொறுமையான ஒப்பீடுதான்.

மலிவு லேத்தைத் திருத்தும் பொழுதுபோக்காளரும் அதைத்தான் செய்கிறார். முதலில் அளக்கிறார், பிறகு ஒன்றை மட்டும் மாற்றுகிறார், மீண்டும் அளக்கிறார். ஓரளவு சரியான பின், அந்த லேத்திலேயே அதற்கு வேண்டிய நல்ல உறுப்புகளையும் கடைந்துகொள்கிறார். அளக்காமல் திருகுபவருக்கு விலையுயர்ந்த இயந்திரமும் நிலைக்காது. நாளை உங்கள் வீட்டு மிதிவண்டியோ மின்விசிறியோ தடதடத்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுங்கள்.